வெள்ளத்தில் ஊறிய சமையலறை: இனி எந்தப் பலகை போடுவது?

பெண்ணையாறு (கடலூர்) – 11 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். தென்பெண்ணைக் கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது ஓட்டுக்கூரையில் நாலு ஓடு போனதோடு தப்பித்தோம். அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் ஆற்றில் வந்தபோதுதான் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. ஒன்றரை நாள் நின்று வடிந்தது.

2021இல் மாட்யுலர் கிச்சன் போட்டோம். போட்டுக் கொடுத்தவர்கள் "தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொன்னார்கள். இப்போது கீழ்ப்பெட்டிகள் எல்லாம் ஊறிப்போய் உப்பி நிற்கின்றன. 18 மி.மீ. பலகை அடியில் 25 மி.மீ. இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன். மைக்கா பிரிந்து தொங்குகிறது. கதவின் கீல் ஸ்க்ரூவோடு கழன்று கையில் வருகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். அதே தண்ணீரில்தான் 2009இல் ஆசாரி வீட்டிலேயே உட்கார்ந்து செய்த பூஜை அலமாரியும் நின்றது. அதுவும் பிளைவுட் தான். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மேல்தாள் பிரிந்ததோடு சரி. மாமனாருடைய பலாமரக் கட்டிலுக்கு எதுவுமே ஆகவில்லை.

கேள்வி மூன்று. எங்களுக்குப் போட்டது என்ன பலகை? அதில் எதையாவது காப்பாற்ற முடியுமா? புதிதாகப் போடுவதென்றால் எதைப் போடுவது? சமையலறை 10க்கு 8 அடி, மேடை எல் வடிவம். பட்ஜெட் ஒரு லட்சத்து இருபதாயிரம், அதற்கு மேல் முடியாது. திரும்ப ஒரு தடவை ஏமாறத் தெம்பில்லை.

உளிச்சத்தம் (பண்ருட்டி) – 11 ஜனவரி

அம்மா, முதலில் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டையை (எட்ஜ் பேண்ட்) ஒரு இடத்தில் உரித்தால் போதும். பொரி உருண்டை மாதிரி சின்னச் சின்ன மரச்சிம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டை மாதிரி ஒரே வழவழப்பாக, சிம்பே தெரியாமல் இருந்தால் எம்டிஎஃப். தாள் தாளாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். நடுவில் ஒரு அங்குல அகலத்துக்குக் கட்டை கட்டையாக நிறுத்தி, மேலும் கீழும் தாள் ஒட்டியிருந்தால் பிளாக் போர்டு.

பார்த்துச் சொல்லுங்கள், மீதியைப் பேசலாம். நான் 26 வருடமாக ஆசாரி வேலை பார்க்கிறேன். தானே புயலில் எங்கள் ஊர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதில் வாங்கிப் போட்ட பலா மரத்தில்தான் என் வீட்டு வாசக்கால் நிற்கிறது. 13 வருடம் ஆகிறது, ஒரு வெடிப்பு கிடையாது.

பெண்ணையாறு – 11 ஜனவரி

பார்த்தேன் அண்ணா. பெட்டி முழுக்கச் சிம்பு சிம்பாக இருக்கிறது, விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. கதவுகள் மட்டும் வழவழப்பு. அப்படியென்றால் பெட்டி பார்ட்டிகிள் போர்டு, கதவு எம்டிஎஃப். பில்லில் "என்ஜினியர்டு வுட்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

மொத்தக்கடை (கடலூர் முதுநகர்) – 11 ஜனவரி

அந்தச் சொல்தான் எல்லாப் பிரச்சினைக்கும் ஆரம்பம். "என்ஜினியர்டு வுட்" என்பது ஒரு பலகையின் பெயரே இல்லை. மரத்தைத் தோலாக உரித்தோ, சிம்பாக உடைத்தோ, நாராக அரைத்தோ, பசை போட்டு அழுத்திச் செய்த எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியாத பலகையும் அதில் அடக்கம், ஈரத்துணி போட்டாலே உப்பும் பலகையும் அதில் அடக்கம். பில்லில் அப்படி எழுதிக் கொடுத்தால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது.

நான் பிளைவுட் கடையில் 12 வருடம் வேலை பார்த்தவன். கவுன்டரில் என்ன சொல்வோமோ அதையே இங்கே எழுதுகிறேன்.

பிளைவுட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது கிரேடு. கடையில் "கமர்ஷியல்" என்று கேட்டால் கொடுப்பது எம்ஆர். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அடுத்தது பிடபிள்யூஆர், கொதிநீரை ஓரளவு தாங்குவது. இந்த இரண்டும் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர எண்ணில் வரும். அதற்கு மேல் மரைன் பிளை, ஐஎஸ் 710. கடைக்காரர்கள் பிடபிள்யூபி (கொதிநீருக்கும் பிரியாதது) என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். வித்தியாசம் சோதனையில் தெரியும். எம்ஆர் துண்டை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் போடுவார்கள். பிடபிள்யூஆர் 8 மணி நேரம் கொதிக்க வேண்டும். மரைன் 72 மணி நேரம், அதாவது முழுசாக மூன்று நாள் கொதித்த பிறகும் அடுக்கு பிரியக்கூடாது.

வெறுமனே "வாட்டர் ப்ரூஃப்" என்று சொன்னால் அது ஒரு தரத்தின் பெயர் ஆகாது. அது கடை வார்த்தை. யாராவது அப்படிச் சொன்னால் "எந்த ஐஎஸ் நம்பர்?" என்று கேளுங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

நம்பர் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், அதோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஊசுடு ஏரி (புதுச்சேரி) – 12 ஜனவரி

நான் சிவில் என்ஜினியர். அக்கா கேட்ட "ஒன்று உப்பியது, ஒன்று உப்பவில்லை, ஏன்" என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அது புரிந்தால்தான் எதை வாங்குவது என்பதும் புரியும்.

இரண்டு காரணம். முதலாவது பசை. எம்ஆர் பிளைவுட், சாதா எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு எல்லாவற்றிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. விலை குறைவு, நிறமில்லாதது, சீக்கிரம் இறுகும். ஆனால் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு உடைந்து பிரிந்துவிடும். பிடபிள்யூஆர், மரைன் பிளையில் போடுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. அது ஒரு முறை இறுகினால் தண்ணீரில் கரைந்து விடுபடாது. வெட்டுமுகத்தில் அடுக்குகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடாகத் தெரிவது அந்தப் பசைதான். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெறும் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியும்.

இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை. எம்டிஎஃப்பும் பார்ட்டிகிள் போர்டும் சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கப்பட்டவை. தடிமனாக இருந்த சிம்பு மெத்தையைப் பலகைத் தடிமனுக்கு அமுக்கிப் பசையால் பிடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போய்ப் பசை தளர்ந்ததும், நசுங்கிக் கிடந்த சிம்பு பழைய தடிமனுக்குத் திரும்பப் பார்க்கும். காய்ந்தாலும் மறுபடி சுருங்காது, ஏனென்றால் அமுக்கிய கை இப்போது இல்லை. பிளைவுட் தாளை அந்த அளவுக்கு யாரும் நசுக்குவதில்லை. அது மரம் ஊறும் அளவுக்கு ஊறும், காய்ந்தால் திரும்பிவிடும். ஒரு தாளின் நார் கிழக்கு மேற்காகவும் அடுத்த தாளின் நார் வடக்கு தெற்காகவும் வைத்து ஒட்டுவதால் அகலத்திலும் நீளத்திலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பூஜை அலமாரியைக் காப்பாற்றியது இதுதான்.

அதனால் இரண்டாவது கேள்விக்குப் பதில்: உப்பிய பெட்டிகளைக் காப்பாற்ற முடியாது அக்கா, எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரத்தோடு வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் தொடாத மேல் பெட்டிகள் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். பூஜை அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பலகையைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வளைந்துவிடும். குறைந்தது ஒரு மாதம். அதுவரை மேலே பெயிண்ட் அடிக்கக் கூடாது.

உளிச்சத்தம் – 12 ஜனவரி

தம்பி எழுதியது முழுக்கச் சரி. எம்டிஎஃப் கதவு ஊறியதைக் காயவைத்து, பட்டி பார்த்து, திரும்ப மைக்கா ஒட்டிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த மழைக்குள் மறுபடி வாய் பிளந்தது.

அம்மா, என்னைக் கேட்டால் எல்லாமே 19 மி.மீ. மரைன், முழு குர்ஜன் மரம். கொஞ்சம் செலவுதான், ஆனால் ஒரு தடவையோடு முடியும்.

மொத்தக்கடை – 12 ஜனவரி

அண்ணே, உங்கள் கைவேலை அனுபவத்துக்கு முன் நான் சின்னவன். ஆனால் "முழு குர்ஜன்" என்ற பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. குர்ஜன் மரம் பெருமளவு பர்மாவிலிருந்துதான் வந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் அந்த நாடு முழு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கடையில் முழு குர்ஜன் என்று விற்பதில் பெரும்பகுதி, மேல்தாள் மட்டும் சிவப்பாக இருக்கும் சரக்கு. உள்ளே யூகலிப்டஸ், பாப்ளர், சில்வர் ஓக், ரப்பர், இப்போது நம் பக்கத்து விவசாயிகள் நடுகிற மலைவேம்பும்கூட. ஹரியானா யமுனாநகர், கேரளா பெரும்பாவூர் பக்கத்து ஆலைகளிலிருந்து லாரி லாரியாக வருவது இதெல்லாம்தான்.

அது மோசம் என்று சொல்லவில்லை. நல்ல பசை, இடைவெளியில்லாத கோர் (உள் அடுக்குகள்), மருந்தில் ஊறவைத்த தாள் இந்த மூன்றும் இருந்தால் யூகலிப்டஸ் பிளை ஐஎஸ் 710 தேறிவிடும். சிவப்பு நிறத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோர் பார்ப்பது எப்படி என்றால், ஷீட்டின் நாலு ஓரத்தையும் சுற்றிப் பாருங்கள். அடுக்குக்குள் ஓட்டை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தாள், பட்டி வைத்து அடைத்த இடம் இருந்தால் வேண்டாம். அப்புறம் ஷீட்டைச் சாய்த்து வைத்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள். ஒரே சத்தமாக வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் டொக்கென்று கேட்டால் உள்ளே காற்று. 8க்கு 4 அடி, 19 மி.மீ. ஷீட் சுமார் 34 கிலோ இருக்கும். தூக்கும்போது கை சொல்லிவிடும்.

உளிச்சத்தம் – 12 ஜனவரி

2014 சேதி எனக்குப் புதிது. நன்றி தம்பி. வாங்கும்போது "பழைய மாதிரி கனமில்லையே" என்று யோசித்திருக்கிறேன், காரணம் தெரியாது.

ஆனால் என் வழியும் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். ஷீட் வாங்கியதும் ஓரத்தில் கையகலத் துண்டு வெட்டி அண்டாவில் போட்டு வீட்டுக்காரர் முன்னாலேயே கொதிக்க விடுவேன். காலையில் வைத்தால் சாயங்காலம் வரை விறகு அணையாது. எடுத்து உளியைக் குறுக்கே விட்டு நெம்பினால் பசையில் பிரியக்கூடாது, மரத்தில்தான் கிழிய வேண்டும். பசையில் வழுக்கிக்கொண்டு வந்தால் ஷீட்டைத் திருப்பிவிடுவேன். கடைக்காரரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்வேன், "தேறாவிட்டால் திருப்பி எடுக்க வேண்டும்" என்று. 26 வருடத்தில் மூன்று தடவை திருப்பியிருக்கிறேன்.

பெண்ணையாறு – 13 ஜனவரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதை யாராவது 2021இல் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருக்கிறது. இன்னொரு கேள்வி. என் பையனுக்கு வீசிங் உண்டு. கிச்சன் போட்ட புதிதில் இரண்டு மூன்று மாதம் கண் எரியும் ஒரு வாசனை இருந்தது. அது பலகையா?

ஊசுடு ஏரி – 13 ஜனவரி

அதிகமும் பலகைதான் அக்கா. மேலே சொன்ன யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்ல மெல்ல வெளியே வரும். நம் கடற்கரை ஊர்களின் வெக்கையும் ஈரமும் அதைக் கூட்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. வீசிங் உள்ள பிள்ளைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கண் மூக்கு எரிச்சலே போதும்.

எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வாங்கினால் இ1 அல்லது இ0 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இ0வில் வாயு குறைவு. ஃபீனால் பசை போட்ட பிளையில் இந்த வெளியேற்றம் இயல்பாகவே குறைவு. எதைப் போட்டாலும் வெட்டிய ஓரம், கீலுக்குத் துளைத்த பள்ளம், பின்பக்கம் எதையும் மொட்டையாக விடக்கூடாது. வாயு வெளியே வருவதும் தண்ணீர் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். வேலை முடிந்து இரண்டு வாரம் கதவு, ஜன்னல், பெட்டி எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டுப் பிறகு பாத்திரம் அடுக்குங்கள்.

திண்ணைவீடு (புதுச்சேரி) – 13 ஜனவரி

நான் மரவேலை தெரிந்தவள் இல்லை. பழைய வீடு ஒன்றில் 40 வருடமாக இருக்கிறேன், அந்த அனுபவம் மட்டும். டிசம்பர் 1 காலை வரை புதுவையில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் முற்றம் குளமானது. தேக்குக் கதவுகளுக்கு ஒன்றுமில்லை. என் மகள் வாங்கிய ரெடிமேட் ஷூ ராக் அன்றோடு போனது.

புதுவையில் கோல்கொண்டே என்ற ஆசிரம விடுதி இருக்கிறது. 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். பிற்காலத்தில் மரச்சாமான் கலைஞராகப் பேர் வாங்கிய ஜார்ஜ் நகாஷிமா, இளைஞராக இங்கே தங்கிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். அதன் அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு முன்னும் பின்னுமாக வைத்துச் செய்தவை. உள்ளே இருப்பது தெரியாது, காற்று மட்டும் போகும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்தக் கதவுகள் இன்னும் ஓடுகின்றன. தேக்கு நல்ல மரம் என்பது மட்டுமில்லை, அதன் இரு பக்கமும் காற்று படுகிறது என்பதும் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது போடும் கிச்சன் பெட்டிகள் நாலு பக்கமும் மூடி, சுவரோடு ஒட்டி, அடியில் ஸ்கர்ட்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சிங்க் அடியில் ஒரு சொட்டு ஒழுகினால்கூட ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் காற்று விடச் சொல்லுங்கள் ம்மா. பின்பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி இருக்கட்டும்.

பரங்கிப்பேட்டை மைந்தன் (கனடா) – 14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். இங்கே வீடே ஓஎஸ்பி பலகையில்தான் கட்டுகிறார்கள். நீளச் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை. மரச்சட்டம் நிறுத்தி, வெளிப்பக்கம் ஓஎஸ்பி அடித்து, மேலே ஒரு ஈரத்தடுப்புத் தாள், அப்புறம் வெளிப்பூச்சு. நூறு வருடம் நிற்கும் என்கிறார்கள். நார்வேயில் 18 மாடி, 85 மீட்டர் உயரத்துக்கு மரத்திலேயே கட்டிவிட்டார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் பலகை என்றால் இவ்வளவு பயம்?

ஊசுடு ஏரி – 14 ஜனவரி

நல்ல கேள்வி சார். பலகை குறைந்ததில்லை. 2019இல் முடிந்த அந்த நார்வே கட்டடம் மியோஸ்டோர்னெட், அதன் தூண்களும் உத்தரங்களும் பலகைப் பட்டைகளை ஒட்டி அடுக்கிய குளூலாம். முறையாகச் செய்தால் தாங்கும் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே வேறுபடுவது மூன்று. கரையான் முதலாவது. உங்கள் ஊரில் குளிர் பல மாதம் பூச்சியைக் கட்டிவைக்கும், இங்கே கரையானுக்கு வருடம் முழுக்கப் பருவம். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகையில் கடலூரிலும் புதுவையிலும் காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அப்போது பலகை தானாகவே 16 சதவீதம் வரை ஈரம் இழுத்துக்கொள்ளும், கோடையில் விடும். இந்த இழுப்பிலும் விடுப்பிலும்தான் ஓரம் பிரியும். மூன்றாவது, அங்கே சுவருக்குள் ஈரத்தடுப்பு, காற்று இடைவெளி, நெருப்புத் தடுப்பு எல்லாவற்றுக்கும் விதியும் பழகிய ஆளும் உண்டு. இங்கே அந்த வேலைக்கு ஆள் இன்னும் உருவாகவில்லை.

ஆனால் கட்டுமானத்தில் பலகை ஏற்கெனவே வந்துவிட்டது. கான்கிரீட் ஊற்ற இப்போது சென்ட்ரிங்கில் பார்க்கிறீர்களே, கரும்பழுப்பு நிறத்தில் பளபளவென்று, அது 12 மி.மீ. ஃபிலிம் ஒட்டிய ஷட்டரிங் பிளை, ஐஎஸ் 4990. ஈரக் கான்கிரீட்டைச் சுமந்து, காய்ந்து, கழுவி, மறுபடி மறுபடி உபயோகப்படுகிறது. அடியில் முட்டுக் கொடுப்பது கடலூர் மாவட்டத்துச் சவுக்கு. அந்தப் பிளையிலும் ஆட்கள் முதலில் பாழாக்குவது ஓரத்தைத்தான். வெட்டிய இடத்தில் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் நாலாவது தடவையிலேயே வீங்கிவிடும். அடித்தால் அதே ஷீட் ரொம்ப நாள் வரும்.

பெண்ணையாறு – 14 ஜனவரி

எல்லோருமே ஓரத்தையும் அடியையும்தான் சொல்கிறீர்கள். இன்று ஒரு கடைக்குப் போனேன். டபிள்யூபிசி போடச் சொன்னார்கள், மூழ்கினாலும் ஒன்றும் ஆகாதாம். இன்னொரு கடையில் எச்டிஎச்எம்ஆர். விலை: டபிள்யூபிசி சதுர அடி 115, எச்டிஎச்எம்ஆர் 95, மரைன் 130.

மொத்தக்கடை – 14 ஜனவரி

டபிள்யூபிசி மூழ்கினால் உப்பாது என்பது உண்மை. கரையானும் தொடாது. ஆனால் அது பிளாஸ்டிக்கும் மரத்தூளும். ஸ்க்ரூ பிடிப்பு பிளையைவிடக் குறைவு, கனமான கதவுக்குக் கீல் நாளடைவில் தளரும். இரண்டடிக்கு மேல் நீளமாக அலமாரித் தட்டு போட்டு அரிசி டின் வைத்தால் நடுவில் தொய்யும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். சிங்க் அடிக்கு, குளியலறை வாசக்காலுக்கு நல்ல பொருள்.

எச்டிஎச்எம்ஆர் என்பது அதிகம் அமுக்கிய, ஈரத்துக்கு மருந்து சேர்த்த எம்டிஎஃப் வகை. சாதா எம்டிஎஃப்பைவிட எவ்வளவோ மேல். மேல் பெட்டிக் கதவுக்குத் தாராளமாகப் போடலாம், வழவழப்பாக பெயிண்ட் ஏறும். ஆனால் ஒன்றரை நாள் தண்ணீரில் நிற்க அது செய்யப்படவில்லை. உங்கள் வீட்டில் தரையிலிருந்து இரண்டடிக்கு எந்த அமுக்கிய பலகையும் வேண்டாம்.

ஊசுடு ஏரி – 14 ஜனவரி

கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் அக்கா. "எந்தப் பலகை" என்று கேட்கிறோம். வெள்ளம் தொடும் உயரத்தில் பலகையே எதற்கு?

நம் அம்மாக்கள் வீட்டில் மேடைக்குக் கீழே என்ன இருந்தது? கடப்பா கல் தடுப்பு, கடப்பா கல் தட்டு. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டடிக்கு ஒரு கடப்பாத் தடுப்பு நிறுத்தி, நடுவில் ஒரு தட்டு, தரையிலிருந்து நாலு அங்குல மேடு. கதவு மட்டும் 19 மி.மீ. மரைன் பிளை. வெள்ளம் வரும் என்று சேதி வந்தால் கதவைக் கீலிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிடலாம், 16 கதவுக்கும் ஒரு மணி நேரம். தண்ணீர் வடிந்ததும் கல்லைக் கழுவிவிட்டுக் கதவை மாட்டுங்கள்.

கணக்கும் பார்த்தேன். மேடை மொத்தம் 16 அடி ஓட்டம். எல்லாமே பலகைப் பெட்டி என்றால் மேல் பெட்டியும் சேர்த்து 8 ஷீட் வரும். உங்கள் கடை விலைக்கு ஷீட் 4,160, மொத்தம் 33,280. கல் தடுப்பு என்றால் கீழ்க்கதவுக்கு 2, மேல் பெட்டிக்கு 3, ஆக 5 ஷீட், 20,800. பின்பலகைக்கு 6 மி.மீ. ஒன்று தனி. மிச்சப் பணம் கல்லுக்கும் கொத்தனாருக்கும் போகும்.

உளிச்சத்தம் – 15 ஜனவரி

இது நல்ல யோசனை. எனக்கு வேலை குறையும், ஆனால் இதுதான் சரி. செய்பவருக்கு நாலு விஷயம் சொல்கிறேன் அம்மா, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லில் நேரடியாகக் கீல் அடிக்க முடியாது. தடுப்பின் முன்விளிம்பில் டபிள்யூபிசி சட்டம், ஒன்றரைக்கு இரண்டு அங்குலம், ராவல் பிளக் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மரச்சட்டம் போட்டால் அடியில் அழுகும். அந்தச் சட்டத்தில் கீல். டபிள்யூபிசியில் பிடிப்பு குறைவு என்று கடைத்தம்பி சொன்னார், சரிதான். அதனால் கதவு அகலம் ஒன்றேகால் அடியைத் தாண்ட வேண்டாம், ஒரு கதவுக்கு மூன்று கீல், சட்டத்தில் இறங்கும் ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம்.

ஸ்க்ரூவும் கீலும் 304 ஸ்டெயின்லெஸ். தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் சாதா ஸ்க்ரூ மூன்று வருடத்தில் உப்புக்காற்றில் தலை அறுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். துரு இறங்கினால் பலகையும் அந்த இடத்தில் கறுத்துப் பொடியாகும்.

கதவின் நாலு ஓரமும், குறிப்பாக அடி ஓரம், பீடிங் (ஓரப்பட்டை) ஒட்டும் முன் இரண்டு கோட் பிரைமர். வீட்டில் நீங்களே நின்று பாருங்கள். அடி ஓரம் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். உள்பக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும். வெளியே மட்டும் ஒட்டினால் கதவு வளையும்.

மேல் பெட்டிக்கு பிடபிள்யூஆர் போதும், மரைன் தேவையில்லை. அதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

திண்ணைவீடு – 15 ஜனவரி

மேல் பெட்டியில் ரப்பர் மரப் பிளை வந்தால் வண்டு மருந்து போட்டதா என்று கேளுங்கள் ம்மா. எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் மைதா மாவு மாதிரி தினமும் உதிர்ந்தது. குண்டூசித் துளை. ஒரே வருடத்தில் விரலால் அழுத்தினால் உள்ளே போனது. கரையான் என்று நினைத்துத் தரையில் மருந்தடித்தோம், அது வேறு பூச்சி என்று பிறகுதான் தெரிந்தது.

மொத்தக்கடை – 15 ஜனவரி

ஆமாம், மாவு உதிர்ந்தால் வண்டு, மண் பாதை தெரிந்தால் கரையான். வண்டு மரத்திலுள்ள மாவுச்சத்துக்கு வரும், ரப்பர் மரத்தில் அது அதிகம். ஆலையிலேயே போரான் மருந்தில் தாளை ஊறவைத்திருக்க வேண்டும். வீட்டில் வந்த பிறகு மேலே பூசுவது ஆழம் போகாது.

பெண்ணையாறு – 9 மார்ச் 2025

வேலை முடிந்தது. உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கடப்பாத் தடுப்பு 9, தட்டு 8. கீழ்க்கதவு மரைன், மேல் பெட்டி பிடபிள்யூஆர். சிங்க் அடியில் மட்டும் கதவே போடவில்லை, ஒரு திரைத்துணி, காற்றுக்காக. மரைன் பிளை வாங்கும்போது சிஎம்/எல் எண்ணைச் செயலியில் போட்டேன். முதல் கடையில் இருந்த எண்ணுக்கு வேறொரு பொருளின் உரிமம் வந்தது. வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் சரியாக இருந்தது. அங்கேயே ஒரு துண்டு வெட்டி வாங்கி, உளிச்சத்தம் அண்ணா சொன்னபடி அண்டாவில் காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலு வரை கொதிக்க விட்டேன். என் மாமனார்தான் உளியால் நெம்பிப் பார்த்தார். மரம் கிழிந்தது, பசை பிரியவில்லை. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு 1,08,500. பையனுக்கு இந்தத் தடவை கண் எரிச்சல் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இரண்டு கதவு அடியில் ஒரு மி.மீ. அளவுக்கு உரசுகிறது. சீவலாமா?

உளிச்சத்தம் – 9 மார்ச்

சீவ வேண்டாம் அம்மா. சீவினால் பிரைமர் போய்விடும், வெட்டுமுகம் திறந்துவிடும். கீலின் அடித்தகட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்திக் கதவை மேலே தூக்கி இறுக்குங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சொல்லுங்கள், வியாழக்கிழமை கடலூர் பக்கம் வேலை இருக்கிறது, வந்து பார்க்கிறேன்.